எழுத்தைப் பிடித்து இழுக்காதீர்கள்

ஃபிளெக்ஸ் கடையிலும் ஸ்டிக்கர் கடையிலும் சினிமா போஸ்டர் ஆபீசிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்து வேலை செய்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நானும் உங்கள் கூட்டம்தான். அப்பா போர்டு எழுதும் பெயிண்டர். நான் கோரல் டிராவில் கையைச் சுட்டுக்கொண்டு தொழில் கற்றவன். இப்போது கண்ணாடி போடாமல் நோடு தெரிவதில்லை. அதனால் வேலையைக் குறைத்துக்கொண்டு மற்றவர்கள் செய்த வேலையைப் பார்த்துக் குறை சொல்கிற வயதுக்கு வந்திருக்கிறேன்.

போன வாரம் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஜன்னலோர சீட். வழியெல்லாம் போர்டுதான் பார்த்தேன். சிசிடிவி விற்கிற கடை, ஜிம், மொபைல் சர்வீஸ், பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம், பையன்கள் ராத்திரியில் கிரிக்கெட் ஆடுகிற டர்ஃப். அத்தனையிலும் ஒரே ஜாடை. அகலமான, சதுரத்தில் அடைத்தது போன்ற, மூலை மழுங்கிய ஆங்கில எழுத்து. நாங்கள் நாளைக்கு வரப்போகிறதை இன்றைக்கே விற்கிறோம் என்று ஒவ்வொரு கடையும் சொல்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஆங்கிலத்துக்குக் கீழே அதே கடையின் பெயர் தமிழில் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் இந்த மடல். மேலே இருக்கிற ஆங்கிலம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குத் தமிழையும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து வைத்திருக்கிறீர்கள். நாலு கடைக்கு ஒரு கடையில் அந்தத் தமிழ், ரோடு ரோலர் ஏறி இறங்கிய பலாச்சுளை மாதிரி கிடக்கிறது.

முதலில் அந்த ஆங்கில எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு ஊர் உண்டு, வயது உண்டு, அப்பன் பெயர் உண்டு. நாம் தினம் கையாளுகிற சாமான் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

ஊர், இத்தாலியின் டூரின். ஃபியட் கார் பிறந்த ஊர். அங்கே நெபியோலோ என்று ஒரு டைப் ஃபவுண்டரி இருந்தது, அதாவது ஈய எழுத்து வார்த்து அச்சாபீசுகளுக்கு விற்கிற பட்டறை. அந்தப் பட்டறையில் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டி என்ற மூத்தவரும் ஆல்டோ நோவரேஸே என்ற இளையவரும் சேர்ந்து 1952-ல் ஓர் எழுத்தை வெளியிட்டார்கள். பெயர் மைக்ரோகிரம்மா. கிரேக்கத்தில் 'மைக்ரோ' என்றால் சின்னது, 'கிரம்மா' என்றால் எழுத்து. சின்ன எழுத்து என்று பெயர் வைத்த சாமானை இன்றைக்கு நாம் இருபதடி போர்டில் ஏற்றுகிறோம்! ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளும் எண்களும்தான் அதில் இருந்தன. பத்து வருஷம் கழித்து, 1962-ல், நோவரேஸே அதற்குச் சின்ன எழுத்துகளையும் வரைந்து, தடிமன், அகலம் என்று வகை வகையாகக் குடும்பத்தைப் பெருக்கி, யூரோஸ்டைல் என்று பெயர் சூட்டினார். உங்கள் ஃபான்ட் லிஸ்ட்டில் இருக்கிற அகல எழுத்துகளில் முக்கால்வாசி இந்த இரண்டின் பிள்ளைகளோ பேரன்களோதான். இலவசமாக இறக்கிக்கொள்கிற மிக்ரோமாவும் அப்படித்தான். அதை வரைந்தவர் வெர்னன் ஆடம்ஸ்.

இந்த வடிவத்தை டிவி பெட்டியைப் பார்த்து வரைந்தார்கள் என்று பலர் சொல்வார்கள். யூரோஸ்டைல் வந்த நாளில் வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் இத்தாலியில் அன்றாட டிவி ஒளிபரப்பு தொடங்கியதே 1954 ஜனவரியில். மைக்ரோகிரம்மா அதற்கு இரண்டு வருஷம் மூத்தது. ஆகவே டிவியைப் பார்த்து எழுத்து பிறந்தது என்பதைவிட, டிவியும் எழுத்தும் ஒரே காற்றைக் குடித்து வளர்ந்தன என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. கட்டடமும் எழுத்தும் ஒரே காலத்தின் கையெழுத்து என்ற எண்ணம் நோவரேஸேவுக்கு உண்டு. அரைவட்ட வளைவு கட்டிய ரோமர்களின் எழுத்தும் அப்படி வட்டமாக இருந்தது. கூர் வளைவில் கோயில் கட்டிய காலத்து எழுத்தும் கூராக நின்றது. கண்ணாடியும் இரும்பும் கான்கிரீட்டும் வந்த காலத்துக்கு மூலை மழுங்கிய சதுரம். அவர் தன் தெருவைப் பார்த்து வரைந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது அந்த ஆங்கில 'ஓ'வை மட்டும் பெரிதாக்கி ஸ்கிரீன் முழுக்க வைத்துப் பாருங்கள்.

இதை வரையச் சொன்னால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் என்ன செய்வோம்? ஒரு செவ்வகம் போடுவோம், மூலையை ரவுண்ட் பண்ணுவோம், முடிந்தது. செய்து பாருங்கள், பக்கத்தில் மைக்ரோகிரம்மாவின் 'ஓ'வை வையுங்கள். நீங்கள் வரைந்தது கடையில் வாங்கி உறையைப் பிரித்த புதுச் சோப்பு. அவர்கள் வரைந்தது நாலு நாள் தேய்த்த சோப்பு. புதுச் சோப்பில் பக்கம் நேராக வந்து திடீரென்று திரும்பும். தேய்ந்த சோப்பில் நேர்கோடு என்று ஒன்றே கிடையாது. பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், புடைப்பு மெல்ல மெல்லக் கூடி மூலையில் வளைந்து, மறுபடி மெல்லத் தளரும். எங்கே வளையத் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கண்ணுக்கு அந்த வித்தியாசம் காரணம் புரியாமலே தெரியும். ஒன்று முத்திரைக் கட்டை மாதிரி செத்துக் கிடக்கும், இன்னொன்று காற்றடைத்த மாதிரி விறைத்து நிற்கும்.

கணக்கு தெரிந்தவர்களுக்காக ஒரு வரி. நீள்வட்டத்தின் சமன்பாட்டில் அடுக்கு இரண்டு. அதை இரண்டரை ஆக்கினால் இந்தத் தேய்ந்த சோப்பு கிடைக்கும். இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் செவ்வகம். டென்மார்க்குக்காரர் பீட் ஹைன் 1959-ல் ஸ்டாக்ஹோம் நகரின் செர்கெல்ஸ் டோர்க் சதுக்கத்துக்கு இந்த இரண்டரை அடுக்கு வடிவத்தைக் கொடுத்தார். வண்டிகள் சுற்றிப் போக வட்டமும் ஒத்துவரவில்லை, செவ்வகமும் ஒத்துவரவில்லை என்ற இடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. டூரின்காரர்கள் அவருக்கு முன்பே கண்ணால் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு வந்த பல பதிப்புகளில் அந்தப் புடைப்பு தொலைந்து பக்கங்கள் நேராகிப் போயின. 2008-ல் லைனோடைப்பில் அகிரா கோபயாஷி யூரோஸ்டைல் நெக்ஸ்ட் என்ற பெயரில் திருத்தி வரைந்தபோதுதான் ஈயத்தில் இருந்த வளைவு திரும்பி வந்தது. பெரிய கம்பெனிகளே தொலைத்த வளைவு இது. நாம் தொலைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தொலைத்தது என்ன என்றாவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

இந்த எழுத்து எதிர்காலத்தின் எழுத்தானது சினிமாவால். 1968-ல் வெளிவந்த, ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் விண்வெளிக் காட்சிகளில் தெரிகிற கருவிகளிலும் அறிவிப்புகளிலும் யூரோஸ்டைலின் தடித்த அகல வகை வருகிறது. படத்தின் தலைப்பு அந்த எழுத்தில் இல்லை என்பது வேடிக்கை. 1975-ல் ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்காக ஃபிரான்ஸ் ஜோசப் தொகுத்த ஸ்டார் ஃப்ளீட் தொழில்நுட்பக் கையேட்டில் மைக்ரோகிரம்மா. அப்புறம் விண்கலம் காட்டினால் இந்த எழுத்து என்பது, பேய் காட்டினால் நாய் ஊளை என்பது போல ஆகிவிட்டது. நாம் போர்டில் ஒட்டுகிற எதிர்காலம் அறுபதுகளில் லண்டன் பக்கத்து ஸ்டூடியோவில் கற்பனை செய்த எதிர்காலம். அந்த 2001 வந்தும் போய்விட்டது. பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம் முதலாளியிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவருக்கு ஸ்கூட்டர் விற்கவேண்டும். அதனால் எழுத்தை மாற்றுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

நான் கேட்பது வேறு. ஒரு கதையோடு கேட்கிறேன்.

தொண்ணூற்றெட்டு என்று ஞாபகம். தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த நேரம். அப்படி ஒரு சென்டருக்கு மாடியில் மாட்ட இருபதடி தகர போர்டு. நான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன், என் கையில் உலகமே இருந்தது. முதலாளி ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த அகல எழுத்தைக் காட்டி, இந்த மாதிரி வேண்டும் என்றார். என்னிடம் அந்த ஃபான்ட் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒல்லியான சாதாரண ஃபான்ட் ஒன்றில் பெயரை அடித்தேன். பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தேன், இருநூற்று இருபது சதவீதம் இழுத்தேன். இருபதடியும் நிறைந்தது. ஏ-ஃபோர் தாளில் துண்டு துண்டாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டி, அப்பாவிடம் கொடுத்தேன். அவர் தாளைத் தரையில் விரித்து, சாக்பீஸ் தடவிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ஏம்ப்பா, கால் இவ்வளவு தடியா இருக்கு, கை ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு?"

"அது ஸ்டைல்ப்பா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வரைந்தார். அப்பா என்னிடம் வாதாடமாட்டார், அது அவர் தப்பு.

போர்டு ஏறிய அன்று சாயந்திரம் எதிர்ச்சாரி பஸ் ஸ்டாப்பில் நின்று நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். முக்கால் அங்குலமாக இருந்த கால், இழுத்ததில் ஒன்றரை அங்குலத்தையும் தாண்டியிருந்தது. கை அதே முக்கால். கிட்டத்தில் ஸ்டைலாகத் தெரிந்தது, ரோட்டைத் தாண்டியதும் கைகள் மங்கிக் கால்கள் மட்டும் நின்றன. ஆங்கில 'ஈ' மூன்று கையும் போய் ஒரு கம்பம். 'டி' கூரை பறந்த தூண். மொத்தத்தில் வேலிக்கம்பி. 'ஓ'வோ, இரண்டு கன்னமும் வீங்கி உச்சியும் அடியும் நூலாகி, படுத்த முட்டை மாதிரி. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். மறுநாள் அப்பா ஏணி போட்டு ஏறி, தாளில்லாமல், பட்டை பிரஷ்ஷால் கைகளைத் தடிப்பாக்கினார். கூலி வாங்கவில்லை.

இதுதான் விஷயம். இழுக்கும்போது கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. குறுக்கில் எல்லாவற்றையும் பெருக்கும், அவ்வளவே. நிற்கிற கோடு தடிக்கும், படுக்கிற கோடு அப்படியே இருக்கும், சாய்ந்த கோடு சாய்வுக்குத் தக்கபடி கொஞ்சம் தடிக்கும், வளைவு இடத்துக்கு ஒரு தடிமனில் வரும். கையால் அகலமாக வரைந்த எழுத்தில் எழுத்து மட்டும்தான் அகலும், கோட்டின் தடிமன் அகலாது. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் படுக்கைக் கோட்டை ஒரு மயிரிழை மெல்லிசாகவே வைப்பார்கள். ஒரே அளவில் வைத்தால் படுக்கைக் கோடு தடித்ததாகக் கண் நம்பும். அளவுகோலால் பார்த்தால் சமம் இல்லாதது கண்ணுக்குச் சமமாகத் தெரிவது, இந்தத் தொழிலின் பாதி.

டூரின் பட்டறையில் இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. ஈயத்தை இழுக்க முடியாது! அகல வகை வேண்டும் என்றால் ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைந்து, அச்சு வெட்டி, வார்க்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் தனியாக. அப்புறம் போட்டோ டைப்செட்டிங் வந்தபோது லென்ஸால் எழுத்தை அகட்டவும் சாய்க்கவும் முடிந்தது, கெட்ட பழக்கம் அங்கே தொடங்கியது. கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் அந்தப் பழக்கத்தைக் கைப்பிடியாக்கி எழுத்தைச் சுற்றி மாட்டிவிட்டன. கைப்பிடி இருந்தால் பிடிக்கத்தான் தோன்றும்.

ஆங்கிலத்துக்கே இந்தக் கதி என்றால் தமிழுக்கு?

ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் சதுரத்துக்கு ஒப்புக்கொள்கிற சாதி. பாதிக்கு மேல் ஏற்கெனவே நேர்கோடு. 'ஓ', 'சி', 'டி', 'ஜி' மாதிரி மிச்சம் இருப்பவற்றின் மூலையை மடக்கினால் வேலை முடிந்தது. ஒன்றிரண்டு உறுப்பை வெட்டினாலும் தாங்கும். நாசாவின் 1975-ஆம் வருஷத்து லோகோவைப் பார்த்திருப்பீர்கள், புழு என்று செல்லப் பெயர். அதில் இரண்டு 'ஏ'வுக்கும் நடுக்கோடு கிடையாது. 1992-ல் அதை ஓரம்கட்டினார்கள், 2020-ல் ராக்கெட்டில் திரும்ப ஏற்றினார்கள். அதை 'ஏ' என்று படிக்க யாரும் தடுமாறவில்லை. நடுக்கோடு போனாலும் அந்த இடத்தில் குழம்ப வேறு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் இல்லை.

தமிழில் அப்படி ஓர் உறுப்பை வெட்டிப் பாருங்கள். 'ர'வின் அடியில் சாய்ந்து இறங்குகிற சின்னக் காலை எடுத்துவிட்டால் அது துணைக்கால். சுத்தமாக, மாடர்னாக இருக்கட்டும் என்று அந்தக் காலை வெட்டிய போர்டுகளை நான் நிறையப் பார்க்கிறேன். 'கரம்' என்று எழுதியது 'காம்' என்று நிற்கும். 'மரம்' 'மாம்' ஆகும். சாமி பேரில் 'ர' வருகிற கடைகள் நம் ஊரில் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். சுழியைக் கட்டமாக்கி அகட்டினால் தூரத்திலிருந்து கம்பி போட்ட ஜன்னல் மாதிரி இருக்கும், கம்பி இரண்டா மூன்றா என்று பஸ்ஸில் போகிறவன் எண்ணுவானா? 'பி'க்கும் 'பீ'க்கும் நடுவில் மேல்விலங்கின் நுனிச் சுழி ஒன்றே காவல். அது அடைந்துபோனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நம் எழுத்துகளில் சதுரத்துக்கு மனமுவந்து வருகிறவையும் உண்டு. 'ப' மூன்று பக்கம் கட்டிய தொட்டி. 'ட' ஒரு மூலைமட்டம். 'ம', 'ய', 'ங' எல்லாம் இணங்கிப் போகும். அதனால்தான் இவற்றை மட்டும் வைத்து ஆரம்பிக்கிற பையன்கள் முதல் நாள் சந்தோஷப்படுகிறார்கள். இரண்டாம் நாள் 'ஞ' வரும், 'ண' வரும், 'இ' வரும், 'ஐ' வரும். எழுத்தாணி பிடித்த கை ஓலையில் ஓடி ஓடி உண்டாக்கிய வளைவுகள் அவை. அவற்றைச் சதுரத்தில் அடைப்பது, பூனையைச் சாக்கில் அடைப்பது. அடையும், ஆனால் உள்ளே இருப்பது பூனை என்று வெளியில் தெரியாது.

இன்னொன்று அகலம். தமிழ் எழுத்து பிறவியிலேயே படுக்கை வாட்டம். 'ண', 'ஞ', 'ணை', 'கௌ' எல்லாம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று போர்டு எழுதியவர்களுக்குத் தெரியும். அகல ஆங்கில எழுத்துக்குக் கம்பீரம் எங்கிருந்து வருகிறது? சாதாரணமாக ஒடுங்கி நிற்கிற ஆங்கில எழுத்து கைகாலை நீட்டி உட்கார்ந்திருப்பதிலிருந்து. ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவரை இன்னும் அகலமாக உட்காரச் சொன்னால் கம்பீரமா வரும்? பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகத்தான் வேண்டும். ஆங்கிலத்தோடு தமிழும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும் என்றால் அகலத்தைப் பார்க்காதீர்கள். கோட்டின் தடிமனைப் பாருங்கள், மூலை எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள், அந்தத் தேய்ந்த சோப்பின் புடைப்பைத் தமிழ் வளைவில் எங்கே வைக்கலாம் என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒத்துப்போனால் நீளம் ஒத்துப்போகாதது யார் கண்ணையும் உறுத்தாது.

அகல எழுத்துக்கு இடைவெளி விட்டு அடுக்குவது ஒரு வழக்கம், ஆங்கிலத்தில் அழகாகவும் இருக்கும். தமிழில் அதே இடைவெளியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால், பாமினி மாதிரி பழைய ஃபான்ட் என்றால் நிச்சயமாக, சில சாஃப்ட்வேரில் யூனிகோடு ஃபான்ட் என்றாலும்கூட, 'கொ' மூன்று துண்டாகும். ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஓர் உயிர்மெய்யைப் பிரித்து நிறுத்தினால் படிக்கிறவன் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவன் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதற்காக.

எங்கே போடுவது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது தலைப்பெழுத்து. ஒரு சொல், மிஞ்சினால் மூன்று சொல். எங்கள் தெரு ஜிம் ஒன்றில் விதிமுறைகள் பதினான்கையும் இந்த அகல எழுத்தில், அதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில், சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கிறது. வியர்வைத் துண்டு கொண்டுவர வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. அங்கே போகிற என் மருமகனுக்கு அது இன்றுவரை தெரியாது.

சரி, இழுக்கக்கூடாது என்றால் கஸ்டமர் கேட்கும்போது என்ன செய்வது?

எளிய வழி, அகலத்தையும் சேர்த்தே வரைந்து வந்திருக்கிற தமிழ் ஃபான்ட்டை எடுப்பது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். இப்போது இருக்கிறது. எக் டைப் குழுவினர் 2022-ல் வெளியிட்ட அனேக் தமிழ் வேரியபிள் ஃபான்ட். தடிமனுக்கு ஒரு ஸ்லைடர், அகலத்துக்கு ஒரு ஸ்லைடர். அகலம் 75-லிருந்து 125 வரை போகும். அகலத்தை நகர்த்தும்போது 'ழ'வையோ 'ண'வையோ உற்றுப் பாருங்கள். எழுத்து விரியும், கோடு தடிக்காது, சுழி மூடாது. ஒருவர் உட்கார்ந்து ஒடுக்கமான முனையையும் அகலமான முனையையும் தனித்தனியாக வரைந்து வைத்ததால் நடுவில் எங்கே நிறுத்தினாலும் நிற்கிறது. இலவசம்தான். ஆங்கிலமும் அதே குடும்பத்தில் இருக்கிறது. அது விண்கல எழுத்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன், 125 என்பதும் மைக்ரோகிரம்மாவின் அகலத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனால் எதிர்ச்சாரி பஸ் ஸ்டாப்பிலிருந்து படிக்கலாம்.

கஷ்டமான வழி, வரைவது. ஃபான்ட் முழுக்க இல்லை, அந்தக் கடைப் பெயரில் வருகிற ஐந்தாறு எழுத்தை மட்டும். உங்களுக்கு அந்தக் கை இருக்கிறது. சினிமா போஸ்டர் தலைப்பில் நீங்கள் செய்கிற வேலைகளைப் பார்த்து நான் வாய் பிளந்திருக்கிறேன். அருவாளும் ரத்தமும் வருகிற படம் என்றால் தமிழ் எழுத்தை எப்படியெல்லாம் வளைக்கிறீர்கள், எலும்பாக்குகிறீர்கள், நெருப்பாக்குகிறீர்கள்! கதையில் ரோபோ வந்தால் மட்டும் ஏன் கை கூசுகிறது? கிராமத்துக் கதைக்குத் தமிழ் எழுத்து, விண்வெளிக் கதைக்கு ஆங்கில எழுத்தின் நிழல் என்று யார் பங்கு பிரித்தது? எனக்கு இதில்தான் உண்மையான கோபம். நோவரேஸே தன் தெருவைப் பார்த்து வரைந்தார் என்றேன். நம் தெருவில் வளைவுக்கா பஞ்சம்? மெட்ரோ தூணின் தோள் இருக்கிறது, பேருந்தின் முன்கண்ணாடி இருக்கிறது, குக்கர் மூடி இருக்கிறது, வீட்டு மாடிக்கு மாடி கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

நேரம் ஆகும் என்பீர்கள். ஃபிளெக்ஸ் வேலையில் நேரம் எங்கே இருக்கிறது, காலையில் காதுகுத்து, மத்தியானம் கண்ணீர் அஞ்சலி என்று ஓடுகிற கடையில் யார் எழுத்து வரைவது என்பீர்கள். நியாயம். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று அச்சுக்கு விலை போடுகிறோம், எழுத்துக்கு விலையே போடுவதில்லை. அந்தத் தப்பைத் தொடங்கியதும் என் தலைமுறைதான். டிசைன் ஃப்ரீ என்று கடை வாசலில் முதலில் எழுதி வைத்தவர்களில் நானும் ஒருவன். எழுத்தை இழுத்ததைவிடப் பெரிய தப்பு அது. மூன்று நாள் நிற்கிற ஃபிளெக்ஸில் இழுத்தால் போகட்டும், மூன்று நாளில் அதுவே கிழிந்துவிடும். பத்து வருஷம் நிற்கப்போகிற பெயர்ப்பலகைக்காவது ஓர் இரவு கொடுங்கள், அந்த இரவுக்குப் பில் போடுங்கள்.

நான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். பேட்டரி ஸ்கூட்டர் கடைதான், மாட்டுத்தாவணிப் பக்கம் புதிதாக வருகிறது. மேலே யூரோஸ்டைல் வேண்டும் என்று பையன் கேட்டான், சரி என்றேன். கீழே தமிழை நான் வரைகிறேன் என்றும் சொன்னேன், எழுத்துக்குத் தனியாகக் காசு என்றும் சொன்னேன். முழித்தான், ஒத்துக்கொண்டான். ஐந்து எழுத்து. நாலு முடிந்துவிட்டது. 'ர'வுக்குக் கால் வைத்தே சதுரத்தில் உட்கார வைத்திருக்கிறேன், பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். பாக்கி இருப்பது 'ழ'. மேல் பாதி தேய்ந்த சோப்பில் அழகாக வந்துவிட்டது. அடியில் சுழித்து இறங்குகிற வால்தான், சதுரமாக்கினால் கொக்கி மாதிரி இருக்கிறது, உருட்டினால் மற்ற நாலு எழுத்தோடு சேரமாட்டேன் என்கிறது. நேற்று ராத்திரி மட்டும் பதினோரு தாள் கிழித்தேன். பையன் வெள்ளிக்கிழமை வருகிறான். உங்களில் யாருக்காவது ஒரு யோசனை தோன்றினால் கடைப் பக்கம் வாருங்கள், தாளும் பென்சிலும் மேஜை மேலேயே இருக்கிறது.

அன்புடன்,
பெயிண்டர் மகன் ஒருவன்
மதுரை